அறியாத புரதத்தில் உள்ள அமினோ அமிலங்களைக் கண்டறிதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்துக் கல்லூரிகளில் உயிர்வேதியியல் செய்முறை வகுப்புகளிலும் இறுதியாண்டுத் திட்டப்பணிக் காலத்திலும் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். குளச்சல் நெத்தோலிக் கருவாடு, குலசேகரத்து ரப்பர் பால், சக்கைக்கொட்டை (பலாக்கொட்டை) மாவு, காணம் (கொள்ளு), மார்த்தாண்டம் தேன் என்று அவரவர் ஊரில் கிடைப்பதையே மாதிரியாகக் கொண்டுவருவதால், பாடநூலில் சொல்லப்படாத சிக்கல்களும் கூடவே வந்துசேர்கின்றன. கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன்.

எல்லாப் புரதத்திலும் அதே இருபது அமினோ அமிலங்கள்தானே சார்? அப்புறம் எதற்குத் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டும்?

இருபதும் எல்லாப் புரதத்திலும் இருப்பதில்லை. இருந்தாலும் ஒரே விகிதத்தில் இருப்பதில்லை. ஜெலட்டினில் டிரிப்டோபன் கிடையாது. இன்சுலினில் டிரிப்டோபனும் இல்லை, மெத்தியோனினும் இல்லை. காணம், சிறுபயறு போன்றவற்றின் புரதங்களில் லைசின் தாராளமாகவும் மெத்தியோனின் குறைவாகவும் இருக்கும். அரிசியில் லைசின்தான் குறைவு.

இந்த விகிதமே சில வேளைகளில் புரதத்தின் வடிவத்தைக் காட்டிக்கொடுக்கிறது. தோல், எலும்பு, மீன் செதில் ஆகியவற்றில் உள்ள கொலாஜனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிளைசின். மதராஸ் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் கொலாஜனுக்கு மும்முறுக்கு அமைப்பை முன்வைத்தபோது, ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் வரவேண்டும் என்ற கருத்துக்கு இந்த அளவு துணைநின்றது. ஆகவே எது இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எது இல்லை என்ற மூன்றையும் தேடுகிறோம். மூன்றாவதை நிறுவுவதுதான் கடினம் என்பது பின்வரும் பதில்களில் புலப்படும்.

பையூரெட்டில் ஊதா நிறம் வந்துவிட்டது. என்னென்ன அமினோ அமிலம் என்று எழுதலாம்?

எதையும் எழுத முடியாது. பையூரெட் சோதனையில், காரக் கரைசலில் உள்ள தாமிர அயனி, அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெப்டைடு பிணைப்புகளோடு சேர்வதால்தான் அந்த நிறம் தோன்றுகிறது. எந்த அமினோ அமிலங்கள் பிணைந்திருக்கின்றன என்பதைப் பற்றி அச்சோதனைக்கு அக்கறையில்லை. குறைந்தது இரண்டு பெப்டைடு பிணைப்புகள் தேவை என்பதால், இரண்டே அமினோ அமிலங்கள் சேர்ந்த டைபெப்டைடும் நிறம் தராது. கரைசலில் புரதம் இருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு அடுத்த படிக்குச் செல்லுங்கள். நீராற்பகுப்பு (புரதத்தை அமிலத்தாலோ காரத்தாலோ தனி அமினோ அமிலங்களாக உடைப்பது) முழுமையடைந்ததா என்று பார்க்கவும் இதே சோதனை பயன்படும். முழுமையடைந்தால் ஊதா மறைந்துவிடும்.

நின்ஹைட்ரின் போட்டால் எல்லாமே ஒரே நிறமாக இருக்கிறதே, அதில் என்ன பயன்?

தனித்த அமினோ அமிலங்களோடு சூடாக்கும்போது நின்ஹைட்ரின் தருகிற ஆழ்ந்த ஊதாவை, அதை 1910-இல் கண்டறிந்த சீக்ஃபிரீட் ருஹமனின் பெயரால் அழைக்கிறார்கள். பெரும்பாலான அமினோ அமிலங்களிலிருந்து உருவாவது ஒரே சாயப்பொருள் என்பதால், நிறத்தை வைத்து அவற்றைப் பிரித்தறிய இயலாது. வண்ணப்பிரிகையால் (தாளிலோ பிசின் குழாயிலோ கரைப்பானோடு ஓடவிட்டுப் பிரிக்கும் முறை) பிரித்த பிறகு ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவதே அதன் வேலை. புரோலினும் ஹைட்ராக்சிபுரோலினும் விதிவிலக்கு. அவற்றில் முதல்நிலை அமினோ தொகுதி இல்லாததால் மஞ்சள் நிறம் வரும். அதனால்தான் கருவிகளில் 570 நானோமீட்டரில் ஊதாவையும் 440 நானோமீட்டரில் மஞ்சளையும் தனித்தனியாக அளக்கிறார்கள்.

இன்னொன்று: நின்ஹைட்ரின் உங்கள் விரல் வியர்வையில் உள்ள அமினோ அமிலங்களையும் காட்டும். தாளை வெறுங்கையால் தொட்டுவிட்டு, ஓரத்தில் எதிர்பாராத புள்ளிகள் தோன்றியதைப் புதிய அமினோ அமிலம் என்று பதிவேட்டில் எழுதுபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

மார்த்தாண்டம் தேன் கலப்படமா என்று இதை வைத்துச் சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு முடியும். தேனில் தனித்து இருக்கும் அமினோ அமிலங்களில் மிகுதியானது புரோலின். அதன் பெரும்பகுதி தேனீயிடமிருந்தே வருகிறது. அமிலச் சூழலில் நின்ஹைட்ரினோடு அது தரும் நிறத்தை அளந்து, கிலோவுக்கு 180 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் தேன் முதிராதது அல்லது கலப்படமானது என்று ஐயுறுவது பன்னாட்டு வழக்கம். குமரித் தேனில் பெரும்பகுதி ரப்பர் மரத்தின் இலைக்காம்பருகே சுரக்கும் மதுவிலிருந்து வருவதாலும், மது எதிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து புரோலின் அளவு மாறும் என்பதாலும், ஒப்பிடும் தேனும் அதே வகையாக இருக்க வேண்டும். அளவு கூடுதலாக இருப்பது தூய்மைக்குச் சான்றாகாது. புரோலினை வெளியிலிருந்தும் கலக்கலாம்.

மில்லன், சாந்தோபுரோட்டீக், ஹாப்கின்ஸ்–கோல் என்று மனப்பாடம் செய்கிறோம். எது எதைக் காட்டும் என்று ஒரே இடத்தில் சொல்லுங்கள்.

ஒவ்வொன்றும் பக்கத்தொகுதியின் ஒரு பண்பைப் பிடிக்கிறது என்று புரிந்துகொண்டால் மனப்பாடம் தேவைப்படாது. மில்லன் வினைபொருள் பீனால் வளையத்தைத் தேடுவதால் டைரோசினுக்குச் செந்நிறம் தரும். சாந்தோபுரோட்டீக் சோதனையில் அடர் நைட்ரிக் அமிலம் நறுமண வளையத்தை நைட்ரோ சேர்மமாக்கி மஞ்சளையும், காரம் சேர்த்ததும் செம்மஞ்சளையும் தருகிறது. டைரோசினும் டிரிப்டோபனும் எளிதில் வினைபுரியும், பினைல்அலனின் அத்தனை எளிதில் இணங்காது. சகாகுச்சி சோதனை ஆர்ஜினினின் குவானிடினோ தொகுதிக்கும், பாலி சோதனை ஹிஸ்டிடினுக்கும் டைரோசினுக்கும் உரியவை. காரத்தோடு கொதிக்கவைத்து ஈய அசிட்டேட் சேர்த்தால் சிஸ்டீனும் சிஸ்டினும் (இரு சிஸ்டீன்கள் இணைந்தது) கறுப்பு ஈய சல்பைடைத் தரும். மெத்தியோனினிலும் கந்தகம் உண்டு. ஆனால் அது இரு கார்பன்களுக்கிடையே உறுதியாகப் பிணைந்திருப்பதால் இச்சோதனைக்கு அகப்படாது.

ஹாப்கின்ஸ்–கோல் சோதனைக்கு ஒரு சிறு வரலாறு உண்டு. முன்பு டிரிப்டோபனுக்கு அசிட்டிக் அமிலமும் கந்தக அமிலமும் சேர்த்துச் சோதித்தார்கள். சில புட்டிகளில் ஊதா வளையம் வந்தது, சிலவற்றில் வரவில்லை. அசிட்டிக் அமிலத்தில் மாசாக இருந்த கிளையாக்சிலிக் அமிலம்தான் உண்மையில் வினைபுரிந்தது என்று கண்ட ஹாப்கின்சும் கோலும், 1901-இல் டிரிப்டோபனையே தூய நிலையில் பிரித்தெடுத்தார்கள். உங்கள் வினைபொருள் பழையதாக இருந்து வளையம் வராவிட்டால், மாதிரியைக் குறைகூறுவதற்கு முன் கேசினை வைத்து அதைச் சோதித்துப் பாருங்கள். கேசினில் டிரிப்டோபன் உண்டு என்பதால் நேர்க்கட்டுப்பாட்டுக்கு (நிறம் வந்தே தீர வேண்டிய ஒப்பீட்டு மாதிரிக்கு) ஏற்றது; ஜெலட்டின் டிரிப்டோபனுக்கு எதிர்க்கட்டுப்பாடாக (நிறம் வரக்கூடாத மாதிரியாக) உதவும்.

நெத்தோலிக் கருவாட்டுச் சாற்றில் மில்லன் வரவில்லை. மீனில் டைரோசின் இல்லையா?

இருக்கிறது, சிக்கல் உப்பில் உள்ளது. மில்லன் வினைபொருளில் உள்ள பாதரசத்தைக் குளோரைடு பிடித்துக்கொள்வதால் நிறம் மங்கும், அல்லது தோன்றாமலே போகும். சாற்றை, உப்பு போன்ற சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியேவிடும் டயாலிசிஸ் பையில் ஊற்றி, நீரைப் பலமுறை மாற்றி உப்பை நீக்கிய பின் மீண்டும் செய்யுங்கள். உப்பு மிகுந்தால் தாள் வண்ணப்பிரிகையிலும் புள்ளிகள் இழுபட்டு வால்விடும்.

பழைய மீனில் வேறொரு தொல்லையும் உண்டு. கெடத் தொடங்கிய மீனில் உருவாகும் அம்மோனியாவும் அமீன்களும் நின்ஹைட்ரினுக்கு நிறம் தரும். டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தால் புரதத்தை வீழ்படிவாக்கிக் கழுவி எடுத்துவிட்டால், தனித்துக் கிடந்த அமினோ அமிலங்களும் இந்தச் சிறு மூலக்கூறுகளும் மேல்நீரோடு போய்விடும். நீங்கள் தேடுவது புரதத்தில் பிணைந்திருக்கும் அமினோ அமிலங்களை என்பதால் இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. அம்மோனியம் சல்பேட்டால் வீழ்படிவாக்கியவர்களும் அந்த உப்பை முழுமையாக நீக்கிய பிறகே நின்ஹைட்ரினைத் தொட வேண்டும்.

அமிலத்தில் எதற்கு ஒரு நாள் முழுக்கச் சூடாக்க வேண்டும்? இரண்டு மணி நேரம் போதாதா?

பெப்டைடு பிணைப்பு உறுதியானது. வழக்கமான முறையில், புரதத்தை 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு கண்ணாடிக் குழாயில் இட்டு, காற்றை உறிஞ்சியோ நைட்ரஜனால் வெளியேற்றியோ குழாயை மூடி, 110 டிகிரி செல்சியசில் 24 மணி நேரம் வைக்கிறார்கள். இரண்டு மணி நேரத்தில் நிறுத்தினால், தனி அமினோ அமிலங்களோடு அறுபடாத சிறு பெப்டைடுகளும் கலந்திருக்கும். அவையும் தாளில் புள்ளியாகத் தோன்றிக் குழப்பும்.

இருபத்து நான்கு மணி நேரமும் எல்லாவற்றுக்கும் பொருந்துவதில்லை. வாலினும் ஐசோலியூசினும் அடுத்தடுத்து வரும் இடங்களில் பிணைப்பு பிடிவாதமாக நிற்பதால் 72 மணி நேரம் வரை ஆகலாம். அதற்குள் செரினும் திரியோனினும் சிறிது சிறிதாகச் சிதைந்துவிடும். 24 மணி நேரத்தில் செரினில் ஏறத்தாழ பத்து சதவீதமும் திரியோனினில் ஐந்து சதவீதமும் இழப்பது இயல்பு. எனவே அக்கறையுள்ள ஆய்வகங்கள் ஒரே மாதிரியை 24, 48, 72 மணி நேரம் எனத் தனித்தனிக் குழாய்களில் பகுத்து, குறைந்துகொண்டே போவனவற்றைச் சுழிய நேரத்துக்குப் பின்னோக்கி நீட்டியும், கூடிக்கொண்டே போவனவற்றின் இறுதி மதிப்பை எடுத்தும் கணக்கிடுகின்றன. டைரோசினைக் காக்கச் சிறிது பீனால் சேர்ப்பதும் வழக்கம். மூடிய குழாய் சூட்டில் வெடிக்கக்கூடும். இதை வீட்டில் செய்து பார்க்க நினைக்க வேண்டாம்.

சக்கைக்கொட்டை மாவைப் பகுத்தேன். தார் மாதிரி கறுத்துவிட்டது. ஏன்?

மாவுச்சத்துதான் காரணம். சூடான அமிலத்தில் மாவுச்சத்து சர்க்கரையாகி, சர்க்கரை சிதைந்து அமினோ அமிலங்களோடு வினைபுரிந்து ஹியூமின் என்ற கரும்பொருளாகிறது. இந்த வினையில் டிரிப்டோபன் முதலில் பலியாகும், மற்றவையும் குறையும். மரச்சீனிக் கிழங்கைக் கொண்டுவருபவர்களுக்கு இது இன்னும் மோசமாக இருக்கும், ஏனெனில் அதில் மாவுச்சத்து மிகுதி, புரதமோ மிகக் குறைவு. முதலில் நீர்த்த காரக் கரைசலில் புரதத்தைக் கரைத்து வடித்து, பி.எச். மதிப்பைக் குறைத்து வீழ்படிவாக்கிப் பிரித்தெடுங்கள். முழு மாவைப் பகுப்பதைவிட அரைகுறையாகப் பிரித்த புரதத்தைப் பகுப்பதே மேல்.

டிரிப்டோபன் பூச்சியம் என்று அறிக்கை வந்திருக்கிறது. அப்படியே எழுதலாமா?

எந்த முறையில் பகுத்தார்கள் என்று பார்க்காமல் எழுதாதீர்கள். மேலே சொன்ன அமில நீராற்பகுப்பில் டிரிப்டோபன் அழிந்துவிடும் என்பதால், அங்கே பூச்சியம் என்பது புரதத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை. காரத்தில் பகுத்தால் டிரிப்டோபன் பிழைக்கும். ஆனால் ஆர்ஜினின், சிஸ்டீன், செரின், திரியோனின் ஆகியவை சிதையும். மீத்தேன்சல்போனிக் அமிலமும் டிரிப்டோபனைக் காக்கும். பகுக்காமலேயே ஹாப்கின்ஸ்–கோல் சோதனையையும், 280 நானோமீட்டரில் புற ஊதா உறிஞ்சலையும் பார்ப்பது முதல் துப்பாக அமையும். அந்த உறிஞ்சலில் டைரோசினுக்கும் பங்குண்டு என்பதை மறக்கக் கூடாது.

அறிக்கையில் அஸ்பராஜினும் குளூட்டமினும் இல்லவே இல்லையே?

அவை அமிலத்தில் தம் அமைடு தொகுதியை இழந்து, முறையே அஸ்பார்டிக் அமிலமாகவும் குளூட்டாமிக் அமிலமாகவும் மாறிவிட்டன. அறிக்கையில் காணும் அஸ்பார்டிக் அமிலத்தின் அளவு உண்மையில் இரண்டின் கூட்டுத்தொகை. பிரித்தறிய வேண்டுமானால் நொதிகளால் மென்மையாகப் பகுக்க வேண்டும், அல்லது வரிசையையே படிக்க வேண்டும். 1806-இல் முதன்முதலாகத் தனித்தெடுக்கப்பட்ட அமினோ அமிலம் அஸ்பராஜின்தான் என்பதை நினைத்தால், வழக்கமான பகுப்பாய்வில் அது அடையாளமிழந்து போவது சற்று வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

ரப்பர் பால் புரதத்தில் ஈய அசிட்டேட் சோதனை நன்றாகக் கறுக்கிறது. கருவி அறிக்கையில் சிஸ்டீன் மிகக் குறைவு. எதை நம்புவது?

இங்கே சோதனைக்குழாயின் பேச்சைக் கேளுங்கள். சாதாரண அமில நீராற்பகுப்பில் சிஸ்டீன் ஒழுங்கில்லாமல் ஆக்சிஜனேற்றம் அடைந்து சிதைகிறது. முன்கூட்டியே பெர்ஃபார்மிக் அமிலத்தால் அதைச் சிஸ்டீயிக் அமிலமாகவும் மெத்தியோனினை அதன் சல்போனாகவும் மாற்றிவிட்டால், இரண்டும் நீராற்பகுப்பைத் தாங்கும். அளவும் சரியாகக் கிடைக்கும். ஆனால் இந்த முன்வினை டிரிப்டோபனை அழிக்கும். ஆகவே ஒரே மாதிரியை இரண்டு மூன்று பங்காகப் பிரித்து வெவ்வேறு வழிகளில் பகுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ரப்பர் பாலில் இது முக்கியம். அதில் உள்ள ஹெவீன் என்ற சிறு புரதத்தில் 43 அமினோ அமிலங்களே உள்ளன. அவற்றில் 8 சிஸ்டீன்கள், நான்கு டைசல்பைடு பாலங்களாக இணைந்துள்ளன. ரப்பர் கையுறை ஒவ்வாமைக்குக் காரணமான புரதங்களில் அதுவும் ஒன்று. கெட்டியாகாமலிருக்க அம்மோனியா கலந்த பாலைத் தவிர்த்து, சிரட்டையிலிருந்து அன்றே எடுத்த பாலைப் பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவாருங்கள். காரணம் கருவாட்டுக் கேள்வியிலேயே இருக்கிறது.

தாள் வண்ணப்பிரிகையில் எனக்குக் கிடைத்த ஆர்.எஃப். மதிப்பு புத்தகத்தோடு பொருந்தவில்லை.

பொருந்தாது. கரைப்பான் ஓடிய தூரத்தில் எத்தனை பங்கு தூரம் புள்ளி ஓடியது என்பதே ஆர்.எஃப். தாளின் வகை, வெப்பநிலை, கரைப்பான் கலவை, தொட்டியில் ஆவி நிரம்பிய அளவு எனப் பலவற்றால் அம்மதிப்பு மாறும். புத்தக எண்ணை வைத்து அடையாளம் காணாமல், தெரிந்த அமினோ அமிலங்களை அதே தாளில், அதே நேரத்தில், மாதிரிக்கு அருகே ஓடவிட்டு ஒப்பிடுங்கள். பியூட்டனால், அசிட்டிக் அமிலம், நீர் கலவையில் லியூசினும் பினைல்அலனினும் முன்னே ஓடும்; லைசினும் ஆர்ஜினினும் கீழேயே தங்கும். லியூசினும் ஐசோலியூசினும் ஏறத்தாழ ஒட்டியே நிற்கும்.

நெருங்கி நிற்பவற்றைப் பிரிக்கத் தாளைத் தொண்ணூறு பாகை திருப்பி வேறொரு கரைப்பானில் மீண்டும் ஓட்டலாம். கான்ஸ்டன், கார்டன், மார்ட்டின் ஆகியோர் 1944-இல் வெளியிட்ட இம்முறை, அக்காலத்தில் புரத வேதியியலையே மாற்றியது. பங்கீட்டு வண்ணப்பிரிகைக்காக மார்ட்டினும் சிஞ்சும் 1952-இல் நோபல் பரிசு பெற்றார்கள். தாளில் ஏற்றுமுன் பகுத்த கரைசலிலுள்ள அமிலத்தை வெற்றிடத்தில் உலர்த்தி நீக்கிவிட வேண்டும்.

கருவியில் கொடுத்தால் அளவும் சேர்ந்து வந்துவிடுமா?

வரும். ஸ்டான்ஃபோர்ட் மூரும் வில்லியம் ஸ்டைனும் அயனிப் பரிமாற்றப் பிசின் நிரப்பிய குழாயில் அமினோ அமிலங்களைப் பிரித்து, வெளியேறும் நீர்மத்தை நின்ஹைட்ரினோடு கலந்து நிறத்தை அளக்கும் தானியங்கிக் கருவியை 1958-இல் ஸ்பேக்மனோடு சேர்ந்து வெளியிட்டார்கள். லியூசினும் ஐசோலியூசினும் இதில் தெளிவாகப் பிரியும். இன்று பல இடங்களில் எச்.பி.எல்.சி. (உயர் அழுத்த நீர்ம வண்ணப்பிரிகை) கருவியே பயன்படுகிறது, அங்கே பிரிப்பதற்கு முன் ஒளிரும் வினைபொருளை இணைக்கிறார்கள். ஆர்த்தோதாலால்டிஹைடு பயன்படுத்தினால் புரோலின் தெரியாது, காரணம் நின்ஹைட்ரின் பதிலில் சொன்னதுதான். அதற்கு எஃப்மாக் போன்ற இன்னொரு வினைபொருள் வேண்டும். எது பயன்பட்டது என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

அளவு தெரிந்தால் வரிசையும் தெரிந்துவிடும் அல்லவா?

தெரியாது. தோவாளையில் கட்டிய ஒரு மாலையை உதிர்த்து, மல்லிகை இத்தனை, அரளி இத்தனை என்று எண்ணிவிடலாம். எது எதற்கடுத்துக் கட்டப்பட்டிருந்தது என்பதை அந்தக் கணக்கு சொல்லாது. ஆனாலும் கணக்குக்கு மதிப்புண்டு. மனித இன்சுலினில் திரியோனின் மூன்று, அலனின் ஒன்று. பன்றி இன்சுலினில் இரண்டுக்கு இரண்டு. இரண்டும் வேறு என்று அளவே காட்டிவிடும். வேறுபாடு இன்சுலினின் இரு சங்கிலிகளில் ஒன்றான பி-சங்கிலியின் முப்பதாம் இடத்தில் இருக்கிறது என்பதை வரிசைதான் காட்டும்.

ஃபிரெட் சாங்கர் இன்சுலினின் 51 அமினோ அமிலங்களின் வரிசையை, முனையில் நிற்பதற்கு மஞ்சள் அடையாளமிட்டு, சங்கிலியைத் துண்டுதுண்டாகப் பகுத்து நிறுவினார். அதற்காக 1958-இல் நோபல் பெற்றார். பேர் எட்மன் 1950-இல் தந்த முறையில், முனையிலிருந்து ஒவ்வோர் அமினோ அமிலமாகக் கழற்றி அடையாளம் காணலாம். ஒவ்வொரு சுற்றும் 98 சதவீதம் நிறைவேறினாலும், ஐம்பதாவது சுற்றில் ஒழுங்காக வரும் சங்கிலிகள் ஏறத்தாழ 36 சதவீதமே. அதனால் நீண்ட புரதங்களை வெட்டித்தான் படிக்க வேண்டும். முனை அசிட்டைல் தொகுதியால் மூடப்பட்டிருந்தால் எட்மன் முறை தொடங்கவே தொடங்காது.

நிறை நிறமாலைமானி வந்த பிறகு இதெல்லாம் பழைய கதைதானே?

வரிசையைப் பொறுத்தவரை பெரும்பாலும் ஆம். டிரிப்சின் நொதி லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் பின்னால் வெட்டிய துண்டுகளை, மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் இக்கருவிக்குள் மேலும் உடைத்து, அடுத்தடுத்த நிறை வேறுபாடுகளிலிருந்து அமினோ அமிலங்களைப் படிக்கிறார்கள். தரவுத்தளத்தில் ஏற்கெனவே உள்ள புரதமாக இருந்தால் அடையாளம் விரைவில் கிடைக்கும். அதிகம் ஆராயப்படாத மீனாக இருந்தால் தரவுத்தளத் துணையின்றி வரிசையைப் படிக்க வேண்டியிருக்கும், அங்கே பிழைகள் கூடும்.

அதற்கும் குருட்டுப்புள்ளிகள் உண்டு. லியூசினுக்கும் ஐசோலியூசினுக்கும் சங்கிலியில் நிறை ஒன்றே, 113.084 டால்டன், வழக்கமான உடைப்பில் இரண்டையும் வேறுபடுத்த இயலாது. லைசின் 128.095, குளூட்டமின் 128.059 என்பதால் நுட்பம் குறைந்த கருவி அவற்றையும் குழப்பும். ஒரு புரதத்தில் மொத்தம் எத்தனை லியூசின் என்று அறிய மூரும் ஸ்டைனும் வகுத்த வழியே இன்றும் நேரடியானது.

கூம்பு நத்தை நஞ்சில் விசித்திரமான அமினோ அமிலங்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். அவை இந்த முறைகளில் சிக்குமா?

சில சிக்கும், சில உருமாறிவிடும். ஹைட்ராக்சிபுரோலின் அமில நீராற்பகுப்பைத் தாங்கும். காமா-கார்பாக்சிகுளூட்டாமிக் அமிலமோ அமிலத்தில் கார்பன் டைஆக்சைடை இழந்து சாதாரணக் குளூட்டாமிக் அமிலமாக வந்து நிற்கும். காரத்தில் பகுத்தால்தான் பிழைக்கும். சில கூம்பு நத்தைப் பெப்டைடுகளில் வழக்கமான எல்-வடிவத்தின் கண்ணாடிப் பிம்பமான டி-வடிவ டிரிப்டோபன் உண்டு. அதற்கும் எல்-வடிவத்துக்கும் நிறை ஒன்றே என்பதால் நிறைமானி வேறுபாடு காணாது. மார்ஃபி வினைபொருளை இணைத்தோ, கைத்தன்மையுள்ள பிரிப்புக்குழாயிலோதான் பிரிக்க வேண்டும். உயிருள்ள கூம்பு நத்தையைக் கடற்கரையில் கையால் எடுக்காதீர்கள். சில வகைகளின் கொட்டு உயிரைப் பறிக்கும்.

வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

உப்பு, சர்க்கரை, தாங்கல் கரைசல் ஆகியவற்றை நீக்கி, உறைநிலையில் உலர்த்தி அனுப்புவது சிறந்தது. திருவனந்தபுரத்துக்கோ சென்னைக்கோ அனுப்பும் பொட்டலத்தில், மாதிரி எதில் கரைக்கப்பட்டிருந்தது, எதனால் வீழ்படிவாக்கப்பட்டது என்ற விவரத்தைத் தனித் தாளில் எழுதி வையுங்கள். டிரிப்டோபனும் சிஸ்டீனும் தேவையென்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் அமில நீராற்பகுப்பு ஒன்றை மட்டும் செய்து அனுப்பிவிடுவார்கள்.

மின்புலத்தில் புரதங்களைப் பிரிக்கும் ஜெல்லிலிருந்து வெட்டிய பட்டையை அப்படியே பகுப்பாய்வுக்கு அனுப்பி, கிளைசின் மலைபோல் வந்திருக்கிறதே, இது கொலாஜனா என்று கேட்பவர்கள் உண்டு. ஜெல்லை ஓட்டும் தாங்கல் கரைசல் டிரிஸும் கிளைசினும் கலந்தது. அந்தக் கிளைசின்தான் அறிக்கையில் வந்திருக்கிறது. பட்டையைப் பி.வி.டி.எஃப். என்ற நெகிழிச் சவ்வுக்கு, கிளைசின் இல்லாத கேப்ஸ் தாங்கல் கரைசலில் மாற்றி, சவ்வை நீரில் பலமுறை அலசிய பின் அனுப்புங்கள். அதே சவ்விலிருந்து புரதமில்லாத ஒரு துண்டையும் வெட்டி, வெற்றுக்கட்டுப்பாடு என்று குறித்து உடன் வையுங்கள்.